ஒரு விலா இடைவெளி மேலே

அன்புள்ள பாபாய்,

இன்று காலை பால் பாக்கெட் வருவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். டாலிகஞ்சிலிருந்து கிடைத்த முதல் ஆட்டோவில் ஏறி டாக்குரியாவில் இறங்கியபோது எங்கள் டயக்னாஸ்டிக் சென்டரின் ஷட்டருக்கு வெளியே நாய் மட்டும் படுத்திருந்தது. எட்டு மணிக்குத்தான் திறப்போம். சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஈசிஜி அறையின் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, இத்தனை வருடங்களாக மற்றவர்களைப் படுக்கவைத்த கட்டிலில் நானே படுத்தேன். ஜெல் இவ்வளவு குளிராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்" என்று தினமும் இருபது பேரிடமாவது சொல்கிறேன். கொஞ்சம் இல்லை, நன்றாகவே ஜில்லென்று இருக்கிறது. கழுத்துக் குழியிலிருந்து விரலை இறக்கி, மார்பெலும்பின் மேட்டைத் தொட்டு, அதன் பக்கத்தில் இரண்டாவது விலா எலும்பு, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி என்று எண்ணினேன். வழக்கமாக அங்கே நிற்கமாட்டேன். மூன்று, நான்கு என்று இறங்கி நான்காவது இடைவெளியில்தான் V1, V2 என்ற இரண்டு பட்டன்களையும் ஒட்டுவேன். இன்று இரண்டாவதிலேயே ஒட்டினேன். கையை நீட்டி மெஷின் பட்டனை அழுத்திவிட்டு, அசையாமல் படுத்திருந்தேன்.

அந்தப் பேப்பர் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அதில் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உன் சேது மாமாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பதினெட்டு வருடமாக நான் சொல்லாதது. சொல்லவேண்டிய விஷயம் அது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. போன வாரம் நீ சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கையெல்லாம் குழம்போடு உன் ஆராய்ச்சியை எனக்கு விளக்கியபோதுதான் தெரிந்தது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் "சரி, அப்புறம் பேசலாம், சாப்பிட்டியா?" என்று தப்பித்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் படுத்ததும் கேட்கிற கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும்போது நீ அதைப் பெங்காலியில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். "கரண்ட் லாக்பே நா தோ, தீதி?" ஷாக் அடிக்காதில்லையா, அக்கா? நானும் அதே பதிலை அதே குரலில் சொல்வேன்: மெஷினிலிருந்து உங்களுக்கு ஒன்றும் வராது மாஷிமா, உங்களிடமிருந்துதான் மெஷினுக்கு வருகிறது. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் என்ற பெருமையில் சொன்ன பதில் அது. ஆனால் அவர்களிடமிருந்து வருவது என்ன, எங்கிருந்து, ஏன் அந்தக் கோடு ஒரு இடத்தில் ஏறி இன்னொரு இடத்தில் இறங்குகிறது என்றெல்லாம் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. கோடு சுத்தமாக வருகிறதா, நடுக்கம் இல்லையா, பட்டன் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதோடு என் வேலை முடிந்துவிடும். நீ போய் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டாய். பெங்களூரில் ஒரே ஒரு இதயச் செல்லைக் கண்ணாடி ஊசியால் பிடித்துவைத்து அதில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறாய். "நீ ஸ்டேடியத்துக்கு வெளியில நின்னு சத்தம் கேக்குற மா, நான் உள்ளே போய் ஒரே ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து அவன் என்ன கத்துறான்னு கேக்குறேன்" என்று நீ சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அப்பாவுக்கும் புரிந்தது, ஆனால் அவர் உடனே அது எந்த மேட்ச் என்று கேட்டார்.

அன்று நான்தான் உன்னை விடாமல் கேட்டேன். வலது கீழறை, இடது கீழறை என்று முயலின் இதயத்தைப் பிரித்து இரண்டு தட்டுகளில் செல்களை வைப்பதாகச் சொன்னாய். லேபிள் அழிந்துபோனாலும் மின்னோட்டத்தைப் பார்த்தே எது எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவேன் என்றாய். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஒரே இதயம், நடுவில் ஒரே சுவர், மேலிருந்து வருகிற கட்டளையும் ஒன்றே. பிறகு எப்படி?

"நீ டெய்லி டாக்குரியா ஸ்டேஷன்ல பாக்குறியே, அதேதான் மா" என்றாய். "லோக்கல் ட்ரெயின் வந்து நிக்குது. கதவுக்கு முன்னாடி சோடியம் கூட்டம். நின்னதும் அடிச்சுப் பிடிச்சு ஏறிடுவாங்க, கண் மூடித் திறக்கிற நேரம். அதுதான் உன் பேப்பர்ல கோடு சட்டுனு மேலே போறது. ஏறினதும் என்ன ஆகும்?"

"மூச்சு முட்டும்."

"கரெக்ட். அதனால உள்ளே இருக்கிற பொட்டாசியம் கொஞ்சம் பேர் உடனே வெளியே குதிப்பாங்க. கொஞ்ச நேரம்தான். அதுக்குள்ளே கால்சியம் மெதுவா, ஒவ்வொருத்தரா, குழந்தையைத் தூக்கிட்டு, பையைத் தூக்கிட்டு ஏறுவாங்க. அவங்க ஏறுற வரைக்கும் வண்டி ஃபுல்லாவே இருக்கும். அப்பத்தான் இதயம் சுருங்கும். கடைசியில எல்லா பொட்டாசியமும் இறங்கிப் போயிடும், வண்டி காலி. அடுத்த துடிப்பு."

"சரி, இதுல வலது எங்கே, இடது எங்கே?"

"அந்த ஏறினதும் குதிக்கிற கூட்டம் இருக்கே, அது வலது பக்கத்து வண்டியில ஜாஸ்தி. முக்கியமா வெளிப்பக்கத்துச் செல்கள்ல. மத்ததெல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான். அந்த ஒரு கரண்ட்டாலதான் வலது செல்லோட கோட்டுல ஆரம்பத்துலயே ஒரு பள்ளம் விழும். இடதுல அவ்வளவு ஆழமா விழாது. லேபிள் எதுக்கு?"

ஏன் அப்படி வைத்திருக்கிறது என்று கேட்டேன். நீ தோளைக் குலுக்கினாய். வலதுக்குச் சுவர் மெல்லியது, பக்கத்தில் இருக்கிற நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். இடதுதான் தலையிலிருந்து கால்வரை தள்ளவேண்டும், அதனால் இருக்கலாம் என்றாய். பிறகு இன்னொன்று சொன்னாய்: கருவில் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. இடது கீழறை முதலில் வந்த செல்களிலிருந்து பெரும்பாலும் உண்டாகிறது. வலது கீழறையின் செல்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. "அப்ப வலது, தம்பி" என்று நான் சொன்னேன். நீ சிரித்து, "பேப்பர்ல இப்படி எழுதலாம் மா, கைடு திட்டுவார்" என்றாய். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா எனக்கு. அப்பளம் பொரித்த எண்ணெய் அடுப்பில் ஆறிக்கொண்டிருக்க, நான் ஒரு கல்லூரி மாணவி மாதிரி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீ, அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தபடியே, சொன்னாய். சில குடும்பங்களில் சோடியம் கதவு பிறவியிலேயே சரியாகத் திறக்காது. ஏறுகிற கூட்டம் குறைவு. இடது வண்டி எப்படியோ சமாளித்துவிடும். வலதில் குதிக்கிறவர்கள் அதிகம் என்பதால் கால்சியம் ஏறுவதற்கு முன்பே சில பெட்டிகள் காலியாகிவிடும். பக்கத்துப் பெட்டி நிறைந்திருக்கும், இது காலி. அந்த வித்தியாசத்திலிருந்து தாறுமாறான துடிப்பு கிளம்பலாம். பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறவர்கள், பெரும்பாலும் ஆண்கள், தூக்கத்திலேயே போய்விடுவார்கள். காய்ச்சல் வந்தால் அந்தக் கதவு இன்னும் மோசமாகும். "சாதாரண ஈசிஜியில பல சமயம் மாட்டாது மா. அந்த இடம் வலது கீழறையோட மேல் நுனியில இருக்கு. V1, V2 ரெண்டையும் ஒண்ணு ரெண்டு இடைவெளி மேலே ஏத்தி ஒட்டினா அப்படியே தெரியும்." பிறகு மோர் கேட்டாய். நான் எழுந்து போய் மோர் கொண்டுவந்தேன். அன்று உன் தட்டில் உப்பில்லாத மோரை ஊற்றினேன், நீ கவனிக்கவில்லை.

சேது மாமாவை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. உனக்கு அப்போது ஆறு வயது. அவன் என்னைவிட மூன்று வயது இளையவன். இருபத்தாறு வயதில் பெஹாலாவில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஒரு மெஸ்ஸில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் வீட்டுக்கு வந்து, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் ரயில் பார்ப்பான். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தும் அவன் வாயிலிருந்து திருநெல்வேலித் தமிழ் போகவில்லை. எங்கள் அம்மாவிடம் பேசியே கற்றது. மழை விட்டுக் காய்ச்சல் பரவுகிற பருவத்தில் ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது மயங்கி விழுந்தான். அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான். மூன்று நாளாகக் காய்ச்சல், சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று அவனே முடிவுகட்டிவிட்டான். நான்தான் போனில் அதட்டி, சென்டருக்கு வரவழைத்தேன்.

அப்போது இருந்தது பழைய மெஷின். மார்பில் ஒட்டுவதற்குப் பதிலாக ரப்பர் பல்பை அமுக்கி, ஒவ்வொரு இடமாக வைத்து எடுக்கவேண்டும். பேப்பரும் இப்போது போல ஒரே தாள் கிடையாது. இரண்டு விரல் அகலத்தில் நாடா மாதிரி நீளமாக வந்துகொண்டே இருக்கும். வரும்போதே பேனாவால் V1, V2 என்று எழுதிக்கொண்டு போகவேண்டும். பிறகு வெட்டி அட்டையில் ஒட்டுவோம். சேது கட்டிலில் படுத்ததிலிருந்து சும்மா இல்லை. பல்பை வைத்ததும் கூச்சத்தில் நெளிந்தான்.

"எக்கா, இது என்ன, சாணி மாதிரி ஜில்லுன்னு?"

"சும்மா படுல. ஆடுனா கோடு ஆடும்."

"கோடு ஆடட்டும். என் நெஞ்சு ஆடாம இருந்தாச் சரி."

நான் சிரித்துக்கொண்டே பார்த்தேன். V1இலும் V2இலும் கோடு விசித்திரமாக வந்தது. மேலே ஏறியது, இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல், பூங்காவில் சறுக்குமரம் இருக்குமே, அப்படிச் சரிந்து போய் அடியில் ஒரு குழியில் விழுந்தது. என் நினைவு சொல்வது அதுதான். நீ போன வாரம் பேனாவால் வரைந்துகாட்டிய படத்தை என் நினைவு எடுத்துத் தன்னுடையதாக வைத்துக்கொண்டுவிட்டதா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் அன்று என் மனதில் ஓடியது எனக்கு நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது. 'மேலே வைத்துவிட்டேன்' என்று நினைத்தேன்.

எங்கள் தொழிலில் அது மிகவும் வெட்கப்படவேண்டிய தவறு. விலா எலும்பை எண்ணச் சோம்பல்பட்டு, அல்லது பெண் நோயாளியின் புடவையை விலக்கச் சங்கடப்பட்டு, V1, V2 இரண்டையும் ஒரு இடைவெளி மேலே வைத்துவிட்டால் கோடு அசாதாரணமாக வரும். இல்லாத நோயைக் காட்டும். எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த டெக்னீஷியன் பேப்பரைப் பார்த்த மாத்திரத்தில் "ஓபொரே லாகியேச்சோ, ஆபார் கொரோ" என்பார். மேலே வைத்துவிட்டாய், திரும்ப எடு. எல்லார் முன்னாலும் சொல்வார். அந்தக் குரல் எனக்குள் அப்படியே இருந்தது. சேது நெளிந்ததில் பல்பு மேலே போயிருக்கிறது. உண்மையிலேயே போயிருந்தது, விரலால் எண்ணிப் பார்த்தேன், ஒரு இடைவெளி மேலே இருந்தது. நாடாவில் பேனாவால் 'V1 V2 தவறு. ரிப்பீட்' என்று எழுதினேன். பல்பைக் கீழே இறக்கி, சரியான இடத்தில் வைத்துத் திரும்ப எடுத்தேன். புத்தகத்தில் போடலாம், அவ்வளவு அழகான கோடு.

"என்னக்கா, டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோ மாதிரி ரீடேக்கா?"

"முதல்ல தப்பா வச்சிட்டேன்."

"படிச்சவ நீயே தப்பா வச்சா நாட்டு சனம் என்னத்துக்கு ஆகும்? சரி, அந்தத் தப்பை இங்க குடு. மருமவன் ரயில் வரைய நீளமா பேப்பர் கேட்டான்."

முதல் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இரண்டாவதைத்தான் நான் அட்டையில் ஒட்டி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பார்த்து, நார்மல், காய்ச்சலில் உடம்பில் நீர் குறைந்திருக்கும் என்றார். அவர் முன்னால் இருந்த பேப்பரைப் பார்த்து வேறு யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பதினோரு நாள் கழித்து, திரும்பவும் காய்ச்சல் வந்து படுத்தவன், காலையில் மெஸ்ஸில் அறைத்தோழன் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான். "நான்தான் ஈசிஜி எடுத்தேன். நார்மலாத்தான் இருந்தது." அம்மாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவள் அழும்போதெல்லாம், நாம் செய்யவேண்டியதைச் செய்தோம், பேப்பர் நார்மல் என்று சொல்லித் தேற்றுவேன். அவளும் அதை நம்பிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தாள். எனக்கும் அந்த வாக்கியம்தான் ஊன்றுகோலாக இருந்தது. அதே அறைக்கு மறுபடி வேலைக்குப் போக, அதே கட்டிலில் அடுத்த ஆளைப் படுக்கச் சொல்ல, அது இல்லாமல் முடிந்திருக்காது. முன்னைவிடக் கவனமாக விலா எலும்புகளை எண்ணினேன். புதிதாகச் சேரும் பெண்களுக்கு நானே "ஓபொரே லாகியேச்சோ" என்று சொல்லிக்கொடுத்தேன். எத்தனை முதல் பேப்பர்களைக் கசக்கிப் போட்டிருப்பேன் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். பெரும்பாலானவை உண்மையிலேயே தவறானவையாகத்தான் இருக்கும். அதுதான் இதில் உள்ள சிக்கல். நான் சொல்லிக்கொடுத்தது தவறில்லை, பாபாய். இன்றைக்கும் V1, V2 நான்காவது இடைவெளியில்தான் வைக்கவேண்டும். ஆனால் மயங்கி விழுந்த ஒருவனின் கோடு, காய்ச்சலோடு, அப்படி வந்தபோது, அந்தத் தவறான பேப்பரையும் சரியான பேப்பரோடு சேர்த்து ஒட்டி டாக்டர் முன்னால் வைத்திருக்கலாம். என்னால் அது முடியாமல் போனதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. நான் மேலே வைத்துவிட்டேன் என்று இன்னொருவர் பார்க்கக்கூடாது என்ற கூச்சமும்தான்.

நீ பெங்களூருக்கு விமானம் ஏறிய அன்றே பரணிலிருந்து உன் பழைய படங்கள் உள்ள பெட்டியை இறக்கினேன். அப்பா கேட்டதற்கு, உன் கல்யாணத்துக்கு முன் ஒழித்துவைக்கிறேன் என்று சொன்னேன். நீ கிரேயானில் கிறுக்கிய எதையும் நான் எறிந்ததில்லை என்பது உனக்கே தெரியும். துர்க்கை, சிங்கம், மூன்று கால் பூனை எல்லாவற்றுக்கும் அடியில், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய அந்த நாடா இருந்தது. விரித்தால் கட்டிலின் நீளத்துக்கு வந்தது. ஒரு பக்கம் முழுக்க நீ வரைந்த ரயில், பன்னிரண்டு பெட்டிகள், ஒவ்வொரு கதவிலும் தலைகள். கடைசிப் பெட்டியில் இரண்டு பேர் கை அசைக்கிறார்கள், ஒருவர் மீசையோடு. திருப்பிப் பார்த்தேன். வெப்பத்தில் அச்சாகிற பேப்பர் அது, வருடம் போகப்போக மங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஜன்னலோரம் எடுத்துப்போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கட்டங்கள் இளஞ்சிவப்பில் அப்படியே இருந்தன. கோடு போயிருந்தது. என் பேனா எழுத்து மட்டும் நீலமாக, பளிச்சென்று: சேது, 26. V1 V2 தவறு. ரிப்பீட்.

ஆகவே எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. அவனுக்கு இருந்தது அதுதானா, வேறு ஏதாவதா, அந்தக் கோடு சறுக்குமரமா அல்லது உண்மையிலேயே என் தவறுதானா என்று சொல்லக்கூடிய ஒரே பேப்பர் வெறுமையாக இருக்கிறது. இதை எழுதும்போது நான் உடைந்துபோய் உட்கார்ந்திருப்பதாக நினைக்காதே. அழுதேன், ஒருநாள் முழுக்க. அதற்குப் பிறகு வந்தது வேறு மாதிரி. அவன் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு அடங்காத ஆவல். நீ விட்டுப்போன கட்டுரைகளை, அகராதியோடு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிறேன். இதில் இரண்டு கட்சி இருக்கிறதாமே? பெட்டி சீக்கிரம் காலியாகிவிடுவதால் என்கிறது ஒரு கட்சி. காலியாவது அல்ல, அந்த மேல் நுனிக்குக் கட்டளை போய்ச் சேருவதே தாமதம் என்கிறது இன்னொன்று. நீ எந்தப் பக்கம்? எனக்கு இரண்டுமே ஒன்றாக நடக்கலாமே என்று தோன்றுகிறது. ரயிலும் தாமதம், ஏறியவர்களும் குறைவு. நம் லோக்கலில் நடக்காததா? உன் கைடிடம் கேட்டுச் சொல்.

புத்தி சொல்லாத அம்மா உண்டா, அதனால் சொல்கிறேன். அடுத்த மாதம் உனக்கும் மௌவுக்கும் கல்யாணம். அவள் முகம் கோணி ஒரு வார்த்தை சொன்னால், 'நான் தவறாகக் கேட்டிருப்பேன், திரும்பக் கேட்டால் சரியாக வரும்' என்று இடத்தை மாற்றி மாற்றி, நார்மல் வரும்வரை கேட்காதே. நானும் உன் அப்பாவும் பல வருடம் அப்படி வாழ்ந்திருக்கிறோம். சேது போன பிறகு உன் அப்பா ஒருநாள், "நீ ஒரு வார்த்தையும் பேசாம அந்த ரூம்லயே உக்காந்திருக்கே" என்றார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவரை நம்பவைத்தேன். அவருக்கு முதலில் தெரிந்ததுதான் சரி. முதலில் வந்த பேப்பரை எறிந்துவிடாதே. இரண்டையும் சேர்த்து வை. எது தவறு என்று முடிவுசெய்வது அன்றைக்கே நடக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இனி உன் உடம்பு. உன்னால் இந்நேரம் கணக்குப் போட்டிருக்க முடியும். சேதுவுக்கு அது இருந்திருந்தால், அது எங்கள் அப்பா அல்லது அம்மா வழியாக வந்திருக்கலாம்; என்னிடமும் இருக்கலாம்; என்னிடம் இருந்தால் உன்னிடம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என்னிடம் இல்லையென்றால் என் வழியாக உனக்கு வந்திருக்க முடியாது. இதுவரை நீ ஒருமுறைகூட மயங்கி விழுந்ததில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காய்ச்சல் வந்தால் "தானாப் போயிடும் மா" என்று இருக்காதே. உடனே மாத்திரை போடு, உடம்பைச் சூடேறவிடாதே, மயக்கம் மாதிரி வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ. இதை மௌவிடமும் சொல். நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அவளை எதற்குப் பயமுறுத்த என்று நீ நினைப்பாய். உன் மாமா விஷயத்தில் நிச்சயமில்லாததை எதற்குக் காட்ட என்று விட்டதால் என்ன ஆயிற்று என்று இப்போது உனக்குத் தெரியும்.

இன்று காலை எடுத்த பேப்பருக்கு வருகிறேன். சறுக்குமரம் இல்லை. அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் கட்டிலிலேயே கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் சுத்தமாகவும் இல்லை. V2இல், உயரம் நடுவில் தாழ்ந்து இரண்டு பக்கமும் ஏறி, குதிரைச் சேணம் மாதிரி ஒரு வளைவு. உன் கட்டுரைகளில் அதற்கும் படம் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் அது வருமாம். அதை வைத்து ஆம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாதாம். சோடியம் கதவைக் கொஞ்ச நேரம் பாதி மூடுகிற ஒரு மருந்தை, எல்லா ஏற்பாடும் உள்ள இடத்தில், டாக்டர் பக்கத்தில் நிற்க, ஊசியில் ஏற்றிப் பார்க்கவேண்டுமாம். கதவு பலவீனமாக இருந்தால் சேணம் சறுக்குமரமாக மாறும். அதுவும் நூற்றுக்கு நூறு சொல்லிவிடாது என்றும் படித்தேன். என் கை தானாகவே V1, V2 பட்டன்களைப் பிய்த்து நான்காவது இடைவெளிக்குக் கொண்டுபோய், இன்னொரு முறை எடுத்தது. அழகான கோடு. சேதுவுடையது மாதிரியே, புத்தகத்தில் போடலாம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது, வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி "தீதி, குலேச்சே?" என்று கேட்டார்கள். திறந்தாயிற்றா என்று. இருங்கள், வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, பேனாவை எடுத்து முதல் பேப்பரின் ஓரத்தில் என் பெயரையும் 47 என்ற வயதையும் எழுதினேன். அதன் கீழே, சேதுவின் நாடாவில் எழுதிய அதே இடத்தில் எழுதினேன்: V1 V2 இரண்டாவது இடைவெளி. வேண்டுமென்றே வைத்தது.

அப்போதே முடிவுசெய்துவிட்டேன். உன்னிடம் ஊசி போட்டுக்கொள் என்று சொல்வதற்கு முன் நான் போய்ப் போட்டுக்கொள்ளப் போகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்கு, மேலே வைத்து எடுத்தது, கீழே வைத்து எடுத்தது, கோடு அழிந்த உன் ரயில் ஆகிய மூன்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். டாக்டரிடம் சேதுவைப் பற்றி முதலிலிருந்து சொல்லி, எனக்கு அந்தச் சோதனையைச் செய்யுங்கள் என்று கேட்பேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சென்டரில் யாருக்கும் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் செவ்வாய் போயிருக்கும். அதனால்தான் தபாலில் போடுகிறேன்.

அம்மா